சாமி விளக்குக்குப் பின்னால் ஒரு ப்ளக்

வத்சலா மாமி படியேறி வரும்போது கையில் ஏதாவது இருக்கும். மற்றவர்கள் கிண்ணத்தில் ரசமோ சுண்டலோ கொண்டுவருவார்கள். மாமி, தீப்பெட்டி அளவில் வெள்ளையாக எதையாவது கொண்டுவருவார்.

"கௌஷிக், உங்காத்துல எந்த ப்ளக் பாயின்ட் காலியா இருக்கு? ஜல்தி சொல்லு!"

தலைநகரில், கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் மாமியும் சேஷன் மாமாவும் தரைத்தளம். நானும் அம்மாவும் இரண்டாம் மாடி. நடுவில் விருதுநகர் தங்கம் அக்கா. மாமி ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பகலெல்லாம் கோப்புகளில் 'ஆவன செய்யலாம்' என்று எழுதிவிட்டு, மாலையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்து உண்மையிலேயே ஆவன செய்கிறவர். அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் கீசர் சூடாகத் தொடங்கிவிடும். எல்லாம் ஃபோன் வழி.

ஆனால் இந்த முறை விளையாட்டில்லை. போன குளிர்காலத்தில் மாமா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வாக்கரோடு நடக்கிறார். மாமிக்கு ஹைதராபாத்தில் ஒரு வாரப் பயிற்சி. அதை முடித்தால்தான் அடுத்த பதவி உயர்வு. முன்பு வந்த அழைப்புகளையெல்லாம் வீட்டைக் காரணம் காட்டி மறுத்தாயிற்று. இதையும் விட்டால் இருக்கிற நாற்காலியிலேயே ஓய்வு பெற வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

திட்டம் எளிமையானது. மாமாவின் கட்டிலருகே ஒரு பொத்தான், பாத்ரூமில் ஒன்று. அழுத்தினால் எங்கள் வீட்டில் மணி அடிக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் நான். ஓடிப் போய்ப் பார்க்கலாம். சாப்பாடு தங்கம் அக்கா பொறுப்பு.

"மணி அடிச்சா போறேன். அடிக்கலேன்னா போகலே. அவ்வளவுதான்," என்றார் மாமி.

மணி அடிக்கவில்லை.

பொத்தான்களை ஆளும் ஹப் என்கிற பெட்டியை மாமி இரும்பு பீரோவுக்குப் பின்னால், வைஃபை டப்பாவின் தோளோடு தோளாக வைத்திருந்தார். அன்றிரவே கண்டுபிடித்துவிட்டார்.

"முன்னாடி இரும்பு மறைக்கறது. பக்கத்துல வைஃபை காட்டுக் கத்து கத்தறது. இதோட குரல் எங்கேர்ந்து எடுபடும்?"

ஹப்பை எதிர்ச்சுவர் அலமாரிக்கு மாற்றி, வைஃபை புழங்காத அலைவரிசையாகப் பார்த்து அமைத்தார். சிக்னல் முதல் மாடிப் படிக்கட்டு வரை வந்து நின்றது. அங்கிருந்து மேலே ஏற ஒரு கை வேண்டும்.

அதற்குத்தான் ஸ்மார்ட் ப்ளக். மாமி தங்கம் அக்காவுக்கு விளக்கினார். "பேட்டரியில ஓடற பொத்தான் மகா கஞ்சம். தன் வார்த்தையைச் சொல்லிட்டுத் தூங்கிடும். கரண்ட்லயே நிக்கற ப்ளக் அப்படியில்லே. பக்கத்தாத்துல பேசறதைக் கேட்டு, அடுத்தாத்துக்குச் சொல்லும்."

"அப்ப என்னைய மாதிரின்னு சொல்லுங்கக்கா," என்றார் தங்கம் அக்கா.

ஒரு ப்ளக் மாமி வீட்டு வாசலை ஒட்டிய நடைவழியில், இன்னொன்று தங்கம் அக்காவின் ஹாலில். மாமி கீழே போய், "ஏன்னா, அழுத்துங்கோ!" என்று கத்தியது சுவர் வழியாகக் கேட்டது. அடுத்த நொடி எங்கள் வீட்டு மணி அலறியது. இரண்டு கான்க்ரீட் தளங்களைத் துளைத்து ஒரு விரல் வந்து என் தோளைத் தொட்டது போலிருந்தது. படிக்கட்டுக்கு ஓடி, "அடிக்கிறது மாமி!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக அந்தக் கட்டடத்தில் நான் பேசியதே இல்லை.

அன்று மாலை மணி அடிக்கவில்லை. மறுநாள் காலை அடித்தது. மாலையில் மறுபடி ஊமை. காலையில் மாமி ஏதாவது கழற்றி மாட்டியதும் சரியாகும், சாயங்காலம் செத்துப்போகும். மாமியின் சந்தேகம் தங்கம் அக்கா மேல் திரும்பியது.

"மிக்ஸி போடறச்சே ஸ்விட்சை அணைச்சுடறியோ?"

"நான் அந்தப் பக்கமே போகலக்கா! சத்தியமா!"

மாமி அந்த ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டு வந்தார். தங்கம் அக்கா அவர் பின்னாலேயே கதவை அறைந்து சாத்தினார்.

வியாழன் மாலை. மாமி மாடியில் ஃபோனில் சிக்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் சொல்லும்போது பொத்தானை அழுத்த நான் கீழே உட்கார்ந்திருந்தேன். மாமா தன் மாலை நடைக்கு எழுந்தார். கட்டிலிலிருந்து வாசல் வரை, வாக்கரைத் தள்ளித் தள்ளி. வாசலை எட்டியதும் மூச்சு வாங்க நின்றார். கை தானாகச் சுவருக்குப் போனது. டக். ப்ளக்கின் நீலப் பொட்டு அணைந்தது. மாமா திரும்பி நடந்தார்.

"மாமா, இப்ப என்ன பண்ணினீங்க?"

"நடந்தேன்."

"இல்ல, சுவத்துல..."

"அதுவா? அந்த டப்பால ஒண்ணுமே மாட்டாம, ஸ்விட்ச் சும்மா எரிஞ்சிண்டிருந்தது. அணைச்சேன்."

தணிக்கைத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம், எல்லோரும் போன பிறகு மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுக் கடைசியில் கிளம்பியவர் அவர்.

நான் கூப்பிட்ட கூப்பாட்டில் மாமியும் பின்னாலேயே தங்கம் அக்காவும் இறங்கி வந்தார்கள். தங்கம் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என் ஸ்விட்சுக்கு டேப் ஒட்டுனீகளே, சார் கைக்கில்ல ஒட்டியிருக்கணும்!"

மாமா சிரிக்கவில்லை. "உன் மணியை நிறுத்திண்டிருந்தது நானா? வத்சலா, நீ போகப்படாதுன்னு நான் நெனச்சதே இல்லே."

"தெரியும்னா. டேப் ஒட்டிடறேன், போதும்."

"உரிச்சுட்டு அணைப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?"

மாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாமா அணைக்காத ஸ்விட்ச் இந்த வீட்டில் ஏது? கண் பூஜை அலமாரியில் போய் நின்றது. இரவும் பகலும் எரிகிற குட்டிச் சிவப்பு பல்பு.

"ஏன்னா, அதை அணைப்பேளா?"

"சிவ சிவா! என்ன பேச்சு பேசறே!"

மாமி ஏற்கெனவே ஸ்டூலை இழுத்துவிட்டார். சாமி விளக்கின் ஒயர் ப்ளக்கில், ப்ளக் சுவரில்.

"எங்க முருகன் படத்துக்கும் பல்பு எரியுதுக்கா, அங்கயே மாட்டிருங்க," என்றார் தங்கம் அக்கா, கோபத்தை மறந்து.

அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே வரைபடம். கிழக்கு பார்த்த மூலையும் ஒரே மூலை. கீழே மாமியின் பிள்ளையார், அவர் தலைக்கு மேல் தங்கம் அக்காவின் முருகன், அவர் தலைக்கு மேல் எங்கள் அம்மாவின் வெங்கடாசலபதி. குறுக்கே பீரோ இல்லை, சுவர் இல்லை; நேர் ஏணி. நான் தடுமாறிச் சொல்லி முடிக்கும் முன் மாமி, "அரே வாஹ்!" என்று எங்கள் வீட்டு மணியைப் பூஜை அலமாரிக்கு மாற்ற மாடிக்கு ஓடினார். வலிக்கிற முழங்கால் ஞாபகத்துக்கே வரவில்லை.

மாலையில் அடித்தது. இரவில் அடித்தது. காலையில் அம்மா கற்பூரம் காட்டும்போது வெங்கடாசலபதியின் காலடியில் மணி அலற, தட்டே கை நழுவப் பார்த்தது. வெள்ளிக்கிழமை மாமி பெயர் கொடுத்துவிட்டார்.

பயிற்சி தொடங்கிய திங்கள் மதியம் மணி அடித்தது. சோதனைக்கு யாரும் அழுத்தச் சொல்லவில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவினேன். தங்கம் அக்கா தோசைக் கரண்டியோடு எனக்கு முன்னால் நின்றார்; மாமி ஊருக்குப் போகுமுன் அக்கா வீட்டிலும் ஒரு மணியை மாட்டியிருந்தார்.

"சார், என்னாச்சு? விழுந்துட்டீங்களா?"

மாமா கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக. "ஃபோன் வந்தது. அவ போய்ச் சேந்துட்டாளாம். முதல் வரிசையில இடமாம்."

"இதுக்கா அழுத்துனீங்க? அடுப்புல தோசை கருகுது!"

"பின்னே? யார்கிட்டயாவது சொல்ல வேண்டாமா?"