மூன்று பின்னல்

அலவத்துகொடையில் றலியாவின் கைகளைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. முதலில் புகழ்ந்துதான் பேசினார்கள். இறந்த பெண்ணின் மையித்தைக் குளிப்பாட்ட அவளை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். உயிரோடு இருந்த காலத்தில்கூட யாரும் எங்களை இவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை என்று மையித்துகளே எழுந்து சொல்லும் என்று வேடிக்கை பேசினார்கள். நல்ல வேளையாக ஒன்றும் எழுந்து சொல்லவில்லை. பிற்பாடு அந்தக் கைகளைக் கண்டு நடுங்கியதும் இதே ஊர்தான்.

குளிப்பாட்டுவது அவளுக்குத் தொழில் அல்ல. கணவர் முஹைதீன் தோட்டந்தோட்டமாகப் போய் மிளகும் கொக்கோவும் வாங்கிக் கண்டி டவுனுக்கு அனுப்புகிறவர். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஊரில் ஒரு பெண் மௌத்தானால் யாராவது குசினி வாசலில் வந்து நிற்பார்கள். றலியா அடுப்பைத் தணித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா, வாய் திறக்காமல் நாடியைத் துணியால் தாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். வலப்பக்கத்தில் தொடங்கித் தண்ணீர் ஊற்றுவாள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைப்பாள். பிறகு தலைமுடியை மூன்றாகப் பிரித்து, மூன்று பின்னலாகப் பின்னி, முதுகுக்குக் கீழே போட்டுவிடுவாள். உயிருள்ளவளுக்கு ஒரு பின்னல், போய்ச் சேர்ந்தவளுக்கு மூன்று. அங்குள்ள பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டின் கடைசியில் அந்த மலேரியாக் காய்ச்சல் வந்தது. மழை இல்லாமல் ஓயா ஆறு வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கி, குட்டையெல்லாம் நுளம்பு. வீட்டுக்கு வீடு ஆள் படுத்தது. றலியாவின் மூத்த மகள் உம்மு குல்சுமும் படுத்தாள். கொய்னா குடித்துக் காய்ச்சல் இறங்கியிருந்த ஒரு காலையில், மேல் கந்தையில் பிள்ளைக்காரி ஒருத்தி மௌத்து என்று அழைப்பு வந்தது. குல்சும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சிக்குப் பிடித்த முடி தோளெல்லாம் கிடந்தது.

“உம்மா, தலய பின்னி உட்டுட்டு போங்களேன்,” என்றாள்.

“வந்து பின்னுறேன் மகள்,” என்று சொல்லிவிட்டு றலியா இறங்கிப் போனாள்.

மேல் கந்தையில் வேலை முடியுமுன் அடுத்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்து இன்னொரு வீடு. அந்த மாதங்கள் அப்படித்தான் இருந்தன. பொழுது சாய அவள் திரும்பி வரும்போது, பள்ளிவாசல் ஏற்றத்தில் ஒரு சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழி விட்டு ஒதுங்கி நின்று, பின்னால் வந்த ஒருவரிடம், யாருடைய மையித்து என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

குல்சுமுக்குக் காய்ச்சல் மதியம் திரும்பி வந்து ஒரேயடியாக ஏறியதாம். றலியாவைத் தேடிப் போனவன் முதல் வீட்டுக்குப் போய், அவள் அங்கே இல்லை என்று அலைந்து திரும்பியிருக்கிறான். வரிசையாக ஜனாஸாக்கள் காத்திருந்ததால் அடக்கத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் குளிப்பாட்டியவள், தான் பெற்றவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவில்லை.

அவள் அழவில்லை. கட்டில் துணிகளைத் தோய்த்துக் காயப்போட்டாள். மறுநாள் அழைப்பு வந்தது, போனாள். என்ன ஈமான், என்ன பொறுமை என்று ஊர் மெச்சியது. ஊருக்கென்ன, அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை மெச்சுவது மிக இலேசு. குல்சும் என்ற பெயரை அவள் அதற்குப் பிறகு உச்சரிக்கவே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அக்காவைத் தாத்தா, தாத்தா என்று அழைத்துக்கொண்டு பின்னாலேயே திரிந்த இளையவள் றமீஸா மட்டும் கவனித்தாள்.

முதலில் முஹைதீனுக்குத்தான் அது தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவர், எழுந்து காலை ஊன்றப் போய்த் தடுக்கி விழப் பார்த்தார். இரண்டு பெருவிரல்களும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தன. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியைக் கேட்டார். அல்லாஹ் மேல் ஆணையாக நான் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் அவள் முந்தானை ஓரம் கிழிந்திருந்ததை இருவருமே பார்த்தார்கள்.

பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தை அவள் மடியில் தூங்கியது. பெற்றவளோடு பேசிக்கொண்டே இருந்தவளின் கை, குழந்தையின் திறந்த வாயை மூடி நாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. பெற்றவள் குழந்தையைப் பறித்துக்கொண்டு போனாள். இன்னொரு நாள் றலியா தலையணை உறைக்கென்று வாங்கிய துணியைக் கிழிக்க உட்கார்ந்தாள். எழுந்து பார்த்தால் பெண் மையித்தைச் சுற்றும் கபனுக்குரிய ஐந்து துண்டுகள் அளவு பிசகாமல் மடிக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றை அவசரமாகப் பெட்டிக்கடியில் தள்ளினாள். தன் மணிக்கட்டுக்குக் கீழே வேறொருத்தி குடியிருக்கிறாள் என்று தோன்றிற்று. அவள் எப்போது எழுந்து வருவாள் என்பது மட்டும் தெரியவில்லை.

பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். கழுவும் இடத்திலிருந்து ஜின் கூடவே வந்துவிட்டது என்றார்கள். முஹைதீனின் கால்விரலைக் கட்டுவதைத் தவிர அந்த ஜின்னுக்கு வேறு வேலை இருக்கவில்லை போலும். றலியா மையித்துக் குளிப்பாட்டுவதையே விட்டுவிட்டாள். யாரும் கூப்பிடவும் இல்லை. தூங்குகிறவர்களின் அருகே போவதற்கே பயந்தாள்.

முப்பத்து ஏழில் றமீஸாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை நளீர், பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த குடும்பம். நிக்காஹ் நாளன்று அறை நிறையப் பெண்கள். பெண்ணுக்குத் தலை சீவிவிட வேண்டியவள் தாய். அதை யாரும் தடுக்கவில்லை. றலியா சீவத் தொடங்கினாள். நெய்ச்சோறு பந்திக்குக் காணுமா என்று ஒருத்தி கேட்டாள். றலியா வாசலைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். இன்னொருத்தி வேறு ஏதோ கேட்டாள். அதற்கும் பதில் சொன்னாள்.

பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திக்கொண்டு வந்தார்கள். என்ன எல்லாரும் பேசாமல் போனார்கள் என்று றலியா குனிந்து பார்த்தாள். மகளின் கல்யாணச் சேலை மேல் மூன்று பின்னல்கள் கிடந்தன. இறுக்கமாக, ஒன்றுக்கொன்று மயிரளவு வித்தியாசம் இல்லாமல். மூன்றாவதின் நுனி இன்னும் அவள் விரலுக்குள் இருந்தது. மூலையில் இருந்த மூதாட்டி ஒருத்தி தன்னையறியாமல், மௌத்துச் செய்திக்குச் சொல்கிற “இன்னா லில்லாஹி”யைத் தொடங்கி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் பஸீஹா எழுந்து வந்தாள். மூன்றையும் தன் கையாலேயே அவிழ்த்து, சீவி, ஒன்றாகப் பின்னினாள். பிறகு, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

“நிக்காஹ் நடக்கட்டும். ஆனா இதுக்குப் பொறகு இவங்கட கை என்ட மருமகள்ட தலயில பட வேணாம்.”

படாது என்று றலியா உடனே வாக்குக் கொடுத்தாள். பஸீஹாவை விட அவளுக்குத்தான் பயம் அதிகம். இந்தக் கைகள் வரப்போவதை அறிந்துகொண்டு செய்கின்றனவா, அல்லது வரச்சொல்லிக் கூப்பிடுகின்றனவா? அதை யாரிடம் கேட்பது? மகள் வண்டியேறிப் போன பிறகு, கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் றமீஸா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் வழக்கம். பஸீஹா அனுப்பமாட்டேன் என்றாள். அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது; பிரசவத்தில் பெண்கள் போய்விடுகிற காலம் அது. றமீஸா சோற்றைத் தொடாமல் இருந்து சாதித்தாள். பழைய வாக்கு இன்னும் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பஸீஹா அனுப்பினாள்.

றலியா வாக்கைக் காப்பாற்றினாள். சமைத்தாள், துணி தோய்த்தாள். மகளின் தலையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பின்னிவிட்டுப் போவாள். றலியா குசினியில் பாய் போட்டுப் படுத்தாள். ஒருநாள் அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. றமீஸா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முடி தோளெல்லாம் கிடந்தது.

“உம்மா, தலய பின்னி உட்டுங்களேன்.”

கட்டிலுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்த றலியா, எங்கும் போக எழவில்லை. போக வேண்டிய இடமும் இல்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

“வந்து பின்னுறேன் மகள்.”

“எங்க போகப் போறீங்க, உம்மா?”

 தான் சொன்னது றலியாவின் காதில் அப்போதுதான் விழுந்தது. தானாகச் சொன்ன சொல் இல்லை அது. மூன்றரை வருஷமாக உள்ளே கிடந்த சொல், அதே சொல். றமீஸா அன்றைக்கும் அந்த அறையில் இருந்தவள். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“குல்சும் கேட்டா,” என்றாள் றலியா. “பின்னி உட்டுட்டு போங்க எண்டு கேட்டா. எவ்வளவு நேரம் புடிக்கும் அது? நான் போயிட்டேன்.”

அந்தப் பெயர் வாயிலிருந்து விழுந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. மகளின் மடியில் முகத்தைப் புதைத்துக் குல்சும், குல்சும் என்று அரற்றினாள். தன் பிள்ளையின் முடியை யாரோ பின்னினார்கள், மூன்றாகத்தான் பின்னினார்களா என்றுகூடத் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இத்தனை காலமும் யார் தூங்கினாலும் தன் கை தேடிப் போனது அவளைத்தான் என்று அப்போதுதான் விளங்கிற்று.

அன்று றமீஸா தாயைக் குசினிக்குப் போக விடவில்லை, பக்கத்தில் படுக்கச் சொன்னாள். றலியா சம்மதித்தாள். ஆனால் விளக்கை அணைக்குமுன் ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்துத் தன் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

சுபஹு பாங்குக்கு விழித்தபோது கைகள் பிரிந்து கிடந்தன. துணி இல்லை. பக்கத்தில் றமீஸா மல்லாந்து, கால்கள் நேராக நீட்டியபடி அசையாமல் கிடந்தாள்.  றலியா எழுந்து உட்கார்ந்தாள். தலையைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு மகளின் கழுத்துக்குக் கீழே கையை விட்டாள். ஒரு பின்னல் தட்டுப்பட்டது. இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். நுனியில் அந்த வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

“ஒண்டுதான் உம்மா,” என்றாள் றமீஸா, கண்ணைத் திறக்காமலே. “நீங்க பின்னும்போது நான் முழிச்சித்தான் இரிந்தேன்.”

“அப்ப நான் எத்தின பின்னுவேன் எண்டு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் மகள். “அசையாம இரிந்தேன்.”