இடைவேளையில் நின்ற கல்யாணம்

நேற்று மத்தியானம் டிவியில் அந்தப் பழைய சிரிப்புப் படத்தைப் போட்டிருந்தார்கள். புருஷனோடு சண்டை போட்டு விவாகரத்து வாங்கிய கதாநாயகி, பணக்காரன் ஒருத்தனைக் கட்டிக்கொள்ளக் கிளம்புகிற கதை. 'இடைவேளை' என்று எழுத்து வந்ததும் நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மருமகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும், என் அக்காவின் கல்யாணம் நின்றதே அந்த இடத்தில்தான்!

அறுபதுகளில் திருப்பூரில் சிலர் பெண் பார்க்கச் சினிமாக் கொட்டகைக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் படம் பார்த்ததாகப் போகட்டும் என்ற சிக்கனம். எங்களுக்கு டவுனை ஒட்டிய மண்ணரை கிராமத்தில் கொஞ்சம் பருத்தித் தோட்டம். அதை விட்டால் வேறு பிழைப்பில்லை. மாப்பிள்ளை வீட்டார் டவுனில் பனியன் கம்பெனிக்காரர்கள். பையனுக்குத் தனிக் கம்பெனி வைக்க எங்கள் அப்பா, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஒன்று வாங்கித் தருவதாகப் பேச்சு. அக்காவுக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. தெருவே அவளுக்காகக் கவலைப்பட்டது, வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு.

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. மல்லிகை, வேர்க்கடலை, ஆண்கள் பக்கமிருந்து குட்டைச் சுவர் தாண்டி வந்த பீடிப் புகை எல்லாம் கலந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கதாநாயகியைப் பார்த்து அந்தம்மாள் பொங்கினார்.

"கட்டுனவன உட்டுப்போட்டுக் காசுக்காக இன்னொருத்தனக் கட்டறாளே, மானங்கெட்டவ!"

இடைவேளை விட்டார்கள். சோடாக் கடையருகே அவர் வீட்டுக்காரர் அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"மெஷின ரெண்டாப் பண்ணிப்போட்டீங்கன்னா தேவலைங்க."

"தோட்டத்த வித்தாத்தானுங்க முடியும்."

"வித்துப்போடுங்க. புள்ள நல்லா இருக்கோணுமில்லீங்க?"

அந்தம்மாளும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். திரைக்கு வெளியே மானம் வேறு கணக்குப் போலிருக்கிறது. அப்பாவின் முகம் செத்துப்போனது. "பாக்கலாமுங்க" என்றார்.

அக்கா சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங் மாமா, அந்த மெஷினையே உங்க பையனுக்குக் கட்டி வெச்சிருங்க. பேசாம ஓடும், திங்கவும் கேக்காது."

மாப்பிள்ளை, பாவம், கடலைத் தோலை ஊதிக்கொண்டு நின்றார். மூவரும் மீதிப் படம் பார்க்காமலே போனார்கள். அப்பா அக்காவை முறைத்தார். அப்புறம், "சரி வாங்க, டிக்கெட்டுக் காசாச்சும் செரிக்கட்டும்" என்று எங்களை உள்ளே கூட்டிப்போனார். இருட்டில் அவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். தோட்டம் தப்பியது. அக்காவுக்கு வாய்க்காரி என்று பேராகி, வெகு நாள் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அவள் அதற்கு ஒரு நாளும் அழவில்லை.

இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்கிறார்கள். காரும் வீடும் தானாக வந்து நிற்கின்றன. கூச்சமில்லாமல் வாய்விட்டுக் கேட்ட அந்த மனிதர்கள் போய்விட்டார்கள். இன்றைக்கு அக்கா உயிரோடு இருந்தாலும் யாரைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுவாள், சொல்லுங்கள்?