பழைய பையில் புதுப் பசை

இலங்கையில் உயிர்நீத்த இந்திய வீரர்களின் நினைவிடத்துக்கு முன்னாள் ராணுவத்தினர் குழுவாகச் சென்றபோது, அப்பாவுக்குத் துணையாக நானும் சென்றிருந்தேன். கடைசி நாள் காலை, பயண ஏற்பாட்டாளர் அனைவருக்கும் சால்வை போர்த்தினார். அப்பாவிடம் மட்டும் ஒரு தோல் பையைக் கொடுத்தார்.

"எங்கப்பா வெச்சிருந்த பைங்க ஐயா. சென்னையில தம்பி வந்து வாங்கிப்பான்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. அந்தப் பழைய பையின் உள்துணியான லைனிங்கில் புதுப் பசை நெடி அடித்தது.

"வாணாம்பா, திருப்பிக் குடுத்துடு."

"ஆர்டர் வந்துட்டா கேள்வி கேக்கக் கூடாதும்மா."

"அவரு இன்னா கர்னலா? டிக்கெட் போடுறவருப்பா."

நானே அவரிடம் சென்று, "லைனிங்கைப் பிரிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போறோம்" என்றேன். சிரித்தபடியே பையை வாங்கிக்கொண்டார்.

"அவசரமில்லம்மா, அப்புறம் அனுப்பிக்கறேன்."

உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். கடத்தல் பொருள் ஏதாவது இருந்திருந்தால், விமான நிலையத்தில் பதக்கங்களோடு தலைகுனிந்து நின்றிருப்பவர் அப்பாதான்.

இப்போது யார் பொருளையும் திறந்து பார்க்காமல் நாங்கள் வாங்குவதில்லை. சென்ற வாரம் நாங்கள் காட்பாடிக்குக் கிளம்பியபோது, அங்குள்ள தன் மகளிடம் கொடுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினார்.

அப்பா சொன்னார்: "பிரிச்சுக் காட்டுப்பா. வீட்ல ஆர்டர்."