பவுடர் போட்ட கைகள்

2008-ஆம் ஆண்டு, சித்திரை மாதம். உத்திரமேரூரில் பஸ் பிடித்துப் பெருநகர் என்ற கிராமத்துக்குப் போயிருந்தேன். மடியில் டிபன் பாக்ஸ். உள்ளே சோறு இல்லை, என் மூன்று வருட ஆராய்ச்சி. மின்சாரம் பாயும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் நானே செய்த மெல்லிய பட்டைகள். கையில் ஒட்டினால் இதயத் துடிப்பைக் கம்ப்யூட்டரில் கோடாகக் காட்டும். துடிப்பின் வலு உடம்புக்கு உடம்பு மாறுமே, அதற்கேற்பக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்திருந்தேன். வெளியாட்கள் பத்துப் பேரின் துடிப்பை எடுத்துக் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நடவு நடும் பெண்கள் பத்துப் பேர் மதியம் பள்ளிக்கூடத்துக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார்கள். குளித்துச் சுத்தமாக வரும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். முதலில் வந்த ஒன்பது மகராசிகளும் குளித்ததோடு விடாமல் கையெல்லாம் பவுடரும் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஒன்பது பேருக்கும் ஒட்டிப் பார்த்தேன். வெறும் கிறுக்கல்தான் வந்தது. திருகித் திருகி விரல் வலித்தது.

"இன்னாம்மா, எங்களுக்கு உசுரே இல்லன்னு சொல்லுதா உன் மிஷினு?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பத்துக் கோடு வாங்காமல் பஸ் ஏறுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பத்தாவது அக்கா கழனியிலிருந்து நேராக வந்து வாசலிலேயே நின்றார். உடம்பெல்லாம் வேர்வை.

"வூட்டாண்ட போய்க் குளிக்க நேரமில்லம்மா. மாடு கத்திக்கினு கீது. சேத்த மட்டும் கழுவிக்கினேன், பரவால்லியா?"

நான் முகத்தைச் சுளித்தேன். வேண்டா வெறுப்பாகத்தான் ஒட்டினேன். கோடு எகிறித் திரையையே தாண்டியது! திருகைக் குறைத்தேன். துடிப்பு ஒவ்வொன்றும் தெளிவாக வந்து நின்றது.

அப்போதுதான் உறைத்தது. உப்பும் ஈரமும் இருந்தால்தான் இந்தப் பிளாஸ்டிக் ஒழுங்காக வேலை செய்யும் என்று என் நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன். அதைத்தான் கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், மடச்சி! தப்பு என்னுடையதுதான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"வேர்வதான் வோணும்னா மொதல்லயே சொல்றதில்ல?" என்றபடி ஒன்பது பேரும் எழுந்தார்கள். பவுடரைத் துடைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வெயிலில் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். மாடு கத்துகிறது என்ற அக்கா வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று அவர்களை விரட்டினார். பொழுது சாய்வதற்குள் பத்துக் கோடும் கிடைத்துவிட்டன.

என் ஆராய்ச்சி பிழைத்தது, பட்டமும் வந்தது. ஆனால் வேர்வையோடு வந்து நின்ற அந்த அக்காவைப் பார்த்து நான் முகம் சுளித்ததை மட்டும் இன்று நினைத்தாலும் கூசுகிறது.