முறத்து மாவில் வெட்டிய பிரெஞ்சு

இடித்த பச்சரிசி மாவின் ஈர வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது...

பதுளைக் கடைவீதியில் எங்கள் ஜவுளிக்கடை. பின்கட்டில் வீடு. என் கொழுந்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செல்லம்மா காரைக்கால்காரி. அங்கே பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். நானோ பொட்டலத் தாள்களில் எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவள். எனக்கு அவள் படிப்பின்மேல் ஆசை.

பூஜை முடிந்ததும் கோலமாவை முறத்தில் பரப்புவோம். அவள் விரலால் எழுதுவாள். 'நாம் பேசுவோம்' என்பதற்கு 'நூ பார்லெரோன்'. வாயால் சொல்ல, பார் - லெ - ரோன் என்று கோடு கீறுவோம். பொருள் பார்க்க, பார்ல் - எர் - ஓன் என்று வேறு மாதிரி வெட்டுவோம்.

"அக்கா, நம்ம பேசு, வ், ஓம் மாதிரியே இருக்குல்ல?"

"ஆமாடி! அவனும் நம்மள மாதிரிதான் ஒட்டுப்போட்டுத் தைக்கிறான்."

பிறகு முறத்தை ஒரு தட்டு. மாவு குறையாமல் டப்பாவுக்குப் போய்விடும்.

ஒருநாள், எங்களோடு இருந்த நாத்தனாரின் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல். கஷாயத்துக்குச் சுக்குத் தேடி வந்தவர், நாங்கள் மாவைக் கீறிக் கீறி முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! எம் புள்ளைக்கு மந்திரமா போடுற?"

"இல்லங்க அண்ணி, இது பிரெஞ்சு..." என்றாள் செல்லம்மா.

"முருகா! பேரே எப்படி இருக்கு பாரு!"

நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். "ஒனக்கும் மருந்து வச்சிட்டா" என்றார்கள் வீட்டார். தினமும் விளக்கேற்றுகிறவள் சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு! கொழுந்தனார் கடையைத் திறக்கப் போய்விட்டார். பண்டாரவளை ரயிலுக்குப் போகும் மாட்டுவண்டியில் அவளைத் தாய்வீட்டுக்கென்று ஏற்றிவிட்டார்கள். வண்டி நகரும்போது எட்டிப் பார்த்து, "நூ பார்லெரோன், அக்கா" என்றாள்.

மறுநாள் குழந்தையின் மேலெல்லாம் முத்து முத்தாய் அம்மை. மாரியாத்தா வந்து இறங்கியதற்கு, மாவில் எழுதியவள் பழி சுமந்தாள். அப்போதாவது யாராவது அவளைத் திரும்ப அழைக்கக் காரைக்காலுக்கு ஆள் அனுப்பினார்களா? இல்லை.

அந்தக் குழந்தை இப்போது கான்வென்டில் பிரெஞ்சு படிக்கிறது. விருந்தாளி வந்தால் நாத்தனார் வடையும் காபியுமாக உட்கார வைத்து, "எம் மக பிரெஞ்சு சொல்றதக் கேளுங்க" என்கிறார். போன வாரம் அவள் கைதட்டித் தட்டிச் சொன்னாள்: பார்... லெ... ரோன்...

"அண்ணி, இது மந்திரமில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அவர் முகம் சுண்டியது. "பழசெல்லாம் இப்ப எதுக்குப் பேசணும்?"

"பேசுவோம் அண்ணி" என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தேன்.