குங்குமம் இட்ட சாம்பிள்

பதுளையில் குழாய்க்கிணறு அமைக்கும் கம்பனியொன்றில் எனக்குக் கல்லுடைக்கும் உத்தியோகம். ஒரு பாறை எவ்வளவு நெருக்குதலைத் தாங்கும், அதில் குவார்ட்ஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, எங்கள் துளையிடும் ரிக் அதை மணிக்கு எத்தனை அடி துளைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் முதலாளி ரிக்கை அனுப்புவார்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஊற்று வற்றிப்போயிற்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் கொழுந்து பறித்து வந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் இறங்கினார்கள். நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஜீப் பழுதாகிக் கராஜில் கிடந்தபடியால் தோட்டத்தாரிடம் போனில் சொன்னதோடு சரி: "கெணத்துக்கு ஒரு கல்லு அனுப்புங்க, டெஸ்ட் பண்ணணும்."

மறுநாள் கல் வந்தது. கழுவி, மஞ்சள் பூசி, மூன்று கோடாகத் திருநீறும் நடுவே குங்குமமும் இட்டு, வெள்ளைத் துணியில் பொதிந்திருந்தார்கள். நற்காரியம் தொடங்குகிறதல்லவா? என் நெஞ்சு நெகிழ்ந்தது. எங்கே எடுத்தது என்று கேட்கத் தோன்றவில்லை. திருநீறு அணிந்து வந்தவரிடம் முகவரி விசாரிப்பதா?

பொயிண்ட் லோட் மெஷினின் இரு கூம்பு முனைகளுக்கு நடுவே கல்லை வைத்து, பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொண்டு, பம்பை அழுத்தினேன். மீட்டர் முள் ஏறியது. மேலும் ஏறியது. கல் அசையவில்லை.

"என்ன சாமி, ஒடைக்கிறீங்களா, பூசை பண்றீங்களா?" என்றார் முதலாளி. ஆபீசில் என் பெயரே சாமிதான்.

கடைசியில் வெடிச்சத்தத்தோடு பிளந்தது. உள்ளே குவார்ட்ஸ் கண்ணாடியாய் மின்னியது. ரிக்கின் துளையிடும் முனையான பிட்டையே தின்றுவிடும் கல். 'தற்போதுள்ள ரிக்கினால் இயலாது' என்று எழுதினேன். முதலாளி உடனே ரிக்கை எல்லவில் ஒரு ஹோட்டல் வேலைக்கு ஒதுக்கினார். போனால் மூன்று மாதம் திரும்பாது.

செய்தி கேட்டு மறுநாளே தோட்டத்து மாதர் சங்கத் தலைவி பாக்கியம் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நம்ம கல்லு பெயிலாங்க ஐயா?"

"பெயில் இல்லம்மா, ரொம்பப் பாஸ். அதான் தொல்லை. எங்க எடுத்தீங்க?"

"மாரியம்மன் கோயில் படிக்கு வெளியூருல இருந்து லொறியில கொண்டாந்து எறக்குனாங்க, அதுல மிஞ்சுனதுங்க. இருக்குறதுலயே நல்ல கல்லு."

"கெணறு போடுற எடத்துல கல்லு இல்லியா?"

"இருக்குங்க. கையால நசுக்குனா உதுரும். அதப் போயி ஆபீசுக்குக் கொண்டாறதா? தோட்டத்து ஆளுங்க இவ்வளவுதான்னு நெனைக்க மாட்டீங்க?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லயங்களின் தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தது என் கையெழுத்து. அடுத்த பஸ்ஸில் பாக்கியத்துடன் புறப்பட்டேன்.

கிணற்றுக்குக் குறித்த இடத்தை ஒட்டி, ரோட்டுக்காக வெட்டிய சரிவில் பாறை தெரிந்தது. மேலே உக்கி உதிர்ந்துபோனது, அதன் கீழே அடுக்கடுக்கான கல், குவார்ட்ஸ் குறைவு. இரண்டிலும் தட்டிப் பெயர்த்துப் பையில் சுமந்து வந்து நெருக்கிப் பார்த்தேன். மிக அடக்கமாக உடைந்தன.

"முந்தாநாள் இரும்புன்னீங்க, இன்னிக்கி பிஸ்கட்டுங்கிறீங்க. பிட்டு தேஞ்சா யாரு பொறுப்பு?" என்றார் முதலாளி.

"நான்தாங்க மொதலாளி. எழுதித் தாறேன்."

'ஒன்றரை நாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ரிக் எல்லவுக்குப் போகாமல் தோட்டத்துக்கு ஏறியது. அது துளைத்த நேரமெல்லாம் அருகே நின்று, எனக்குத் தெரிந்த பதிகங்கள் அனைத்தையும் முணுமுணுத்தேன். சில இருமுறை வந்தன. ஒன்றரை நாள் இரண்டு நாளாயிற்று. பிட் தேயவில்லை. தண்ணீர் பீறிட்டது.

பாக்கியம் முதல் குடத்தை என் தலையில் ஊற்றினார். பாதி சேறு. நான் தடுக்கவில்லை.

பொறுக்கியெடுத்த கல் பொறுக்கியவரின் மரியாதையைச் சொல்லும், நிலத்தைச் சொல்லாது. இது விளங்கிவிட்டது என்ற நினைப்பில், அடுத்த தோட்டத்தாரிடம் போனில் கண்டிப்பாகச் சொன்னேன்: "நல்ல கல்லா பாத்து அனுப்பாதீங்க."

ஒரு பை மண் வந்தது.

அதன்பின் ஓய்வு பெறும்வரை சாம்பிள் எடுக்க நானே போனேன்.