நெற்றியில் வால் வைத்த சிங்கம்

கற்பனை என்றால் அந்த ஓவிய டீச்சருக்கு உயிர். அதைக் குழந்தைகள் கையில் விட்டுவைக்கத்தான் மனசு வராது.

பள்ளிக் கண்காட்சி வந்தால் போதும், ஒரே கூத்து. இந்த முறை காகிதத் தட்டில் சிங்கம். தட்டுக்கு மஞ்சள் பூசி, காது, மூக்கு, வால் எல்லாம் வெட்டி, எதை எங்கே ஒட்டவேண்டும் என்று பென்சிலில் புள்ளியும் வைத்துக் கொடுத்துவிடுவார். பிள்ளைகளின் வேலை பசை தடவுவது. அதையும் பாதிப் பேருக்கு அவரே தடவிவிடுவார். எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு உட்கார்ந்து, கோணல் காதுகளைப் பிய்த்து நேராக்குவார். சுவர் முழுக்க ஒரே அச்சில் வார்த்த சிங்கங்கள். அதற்குமேல் கொட்டை எழுத்தில் ஒரு பலகை வேறு: 'குழந்தைகளின் சொந்தக் கற்பனை'. வெட்கமாவது, மண்ணாவது!

அந்த வகுப்பில்தான் அவர் மகளும் படித்தாள். தான் ஆகமுடியாத பெரிய ஓவியராக மகளாவது ஆகவேண்டும் என்பது டீச்சரின் தீராத ஆசை. பேச்சு வருமுன்பே சுவரெல்லாம் கிறுக்கித் தள்ளியவள். "என் ரத்தமாச்சே" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பள்ளியில் மட்டும் கண்டிப்பு. "இங்க அம்மா கிடையாது. டீச்சர்னு கூப்பிடு."

மகள் செய்த சிங்கத்துக்கு வால் நெற்றியில் இருந்தது.

"என்னடி இது? வாலைக் கொண்டுபோய் எங்க வச்சிருக்கே?"

"ஈ மூஞ்சியிலதானே வந்து உக்காருது, டீச்சர்? வால் அங்க இருந்தாத்தானே விரட்ட முடியும்?"

ஏழு ஜென்மம் எடுத்தாலும் டீச்சருக்கு இப்படி ஒரு யோசனை வராது. கோபம்தான் வந்தது. "பாக்கறவங்க சிரிப்பாங்க" என்று வாலைப் பிய்த்து, புள்ளி வைத்த இடத்தில் அழுத்தி ஒட்டினார். நெற்றியில் கிழிந்த இடத்தை மஞ்சள் பூசி மறைத்தார். மகள் அழவில்லை. பசைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

கண்காட்சியில் அந்தச் சிங்கத்துக்கே முதல் பரிசு. எல்லாம் ஒன்றுபோல இருக்கையில் எதைப் பார்த்துக் கொடுத்தார்களோ! டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வழியிலேயே பெரிய வண்ணப்பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் முன்னால் வெள்ளைத்தாளை விரித்து, "உன் இஷ்டத்துக்கு என்ன வேணா வரைடா கண்ணு" என்று தாராளமாக அனுமதி கொடுத்தார்.

மகள் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு பென்சிலை எடுத்து, தாளின் மூலையில் தன் பெயரை மட்டும் ஒழுங்காக எழுதினாள். பிறகு தாளை அம்மா பக்கம் தள்ளினாள்.

"மிச்சத்தை நீங்க போட்டுடுங்க, டீச்சர்."